யூக்ளினா தாவரமா, விலங்கா, இரண்டுக்கும் நடுவிலா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளின் பாடநூல், குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரியான யூக்ளினாவைப் புரோட்டிஸ்டா உலகத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலிருக்கும் பழைய விலங்கியல் புத்தகம் அதையே புரோட்டோசோவா என்கிறது. தாவரவியல் வழிகாட்டி ஒன்று பாசி என்கிறது. தனிப்பயிற்சி ஆசிரியரோ, 'தாவரத்தையும் விலங்கையும் இணைக்கும் இணைப்பு உயிரி' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். நான்கில் எது சரி? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஊர்க் குளத்தில் உச்சி வெயிலில் செங்காவி நிறத்தில் ஓர் ஆடை படர்கிறது, பொழுது சாய்ந்ததும் பச்சையாகிவிடுகிறது, அது யூக்ளினாதான் என்கிறார் ஒருவர், உண்மையா, மீனுக்குக் கெடுதலா? பார்வைக்கு முதல் கேள்வி பெயரைப் பற்றியது போல இருந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: ஓர் உயிரியை அது வாழும் விதத்தை வைத்து வகைப்படுத்த வேண்டுமா, அது வந்த வழியை வைத்து வகைப்படுத்த வேண்டுமா என்பதே அது. நான்கு புத்தகங்களும் நான்கு விதமாகச் சொல்வதற்குக் காரணம், இவ்விரண்டையும் அவை வெவ்வேறு விகிதத்தில் கலந்திருப்பதுதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவன். மரபணு வரிசைகளை ஒப்பிட்டு உறவு மரம் வரைபவன் அல்லன். அப்படி வரைந்தவர்கள் எழுதியதைப் படித்து, குளத்து நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கப் பழகியவன். எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறை அலமாரியில் யூக்ளினா ஸ்லைடு ஒன்று இருந்தது, 'புரோட்டோசோவா, கசையிழை உடையவை' என்ற சீட்டுடன். நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த தாவரவியல் துறையில், அதே கடையில் வாங்கிய அதே யூக்ளினா ஸ்லைடு, 'பாசிகள்' என்ற சீட்டுடன் இருந்தது. ஒருமுறை எங்கள் ஸ்லைடு உடைந்தபோது அவர்களுடையதை இரவல் வாங்கி வந்து தேர்வு நடத்தினோம். பதினைந்து அடி நடைவழியைக் கடந்ததும் ஒரு தாவரம் விலங்காகிவிட்டது என்று மாணவர்கள் சிரித்தார்கள். உங்கள் மகளின் குழப்பமும் அந்த நடைவழியில்தான் தொடங்குகிறது.

முதலில் உயிரியையே பார்ப்போம். சாதாரணமாகக் கிடைக்கும் யூக்ளினா சுமார் 50 மைக்ரோமீட்டர் நீளம். இருபதை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர். நுண்ணோக்கியில், கதிர் போல இருபுறமும் கூர்த்த ஒரு பச்சை உடல், தன் அச்சில் சுழன்றபடி முன்னேறும். முன்முனையிலுள்ள குடுவை போன்ற பள்ளத்திலிருந்து ஒரு நீண்ட கசையிழை வெளியே வந்து உடலை இழுத்துச் செல்கிறது. இன்னொரு கசையிழை பள்ளத்துக்குள்ளேயே குட்டையாக நின்றுவிடுகிறது. பள்ளத்தை ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பொட்டு தெரியும். அதைக் கண்புள்ளி என்கிறோம். ஆனால் ஒளியை உணர்வது அந்தப் பொட்டு அன்று. கசையிழையின் அடியில் உள்ள சிறு புடைப்புதான் ஒளியை உணர்கிறது, சிவப்புப் பொட்டு அதன்மேல் நிழல் விழச் செய்கிறது. உடல் சுழலச் சுழல நிழல் விழுந்து விலகுவதால், ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது யூக்ளினாவுக்குத் தெரிகிறது. கவர் ஸ்லிப்பின் கீழே நீர் வற்றி இடம் நெருக்கடியாகும்போது அது நீந்துவதை நிறுத்திவிட்டு, புழுவைப் போல உடலைப் பருக்கவும் இளைக்கவும் செய்து நகரும். மேற்பரப்பில் திருகலாக ஓடும் புரதப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுப்பதால்தான் அது முடிகிறது. தாவர செல்லைப் போல விறைத்த செல்சுவர் இருந்தால் முடியாது.

இந்த உடலை இரண்டு துறைகளும் உரிமை கொண்டாடியதில் வியப்பில்லை. 1830-இல் ஜெர்மானியரான ஏரன்பெர்க் யூக்ளினா என்ற பேரினப் பெயரைச் சூட்டியபோது, நீந்துவதெல்லாம் விலங்கு என்பதே வழக்கம். இவ்வளவு சிறிய உயிரிகளுக்குள்ளும் வயிறு முதலிய முழு உறுப்புகள் இருப்பதாக அவர் நம்பினார். தாவரவியலார் பார்வையில், அதற்குள் இருக்கும் பச்சையம் ஏ, பச்சையம் பி ஆகிய இரண்டும் நெற்பயிரில் இருப்பவையே. அதனால் அதைப் பச்சைப்பாசிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இந்தப் பங்காளிச் சண்டையில் ஒரு சிறு சோதனையை நான் ஆண்டுதோறும் மாணவர்களைச் செய்ய வைப்பேன். ஒரே ஸ்லைடில், பச்சைப்பாசியான ஸ்பைரோகைராவின் இழை கொஞ்சமும் கொஞ்சம் யூக்ளினாவும் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். அயோடின் பரவப் பரவ ஸ்பைரோகைராவின் பசுங்கணிகத்தில், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பில், புள்ளி புள்ளியாகக் கருநீலம் ஏறும், அது மாவுச்சத்து. யூக்ளினாவின் உடலுக்குள் கண்ணாடிக் குச்சி போலவும் வில்லை போலவும் கிடக்கும் மணிகள் அப்படியே நிறமற்றுக் கிடக்கும். அவை பாராமைலான் என்ற வேறொரு சேமிப்புப் பொருள். குளுக்கோஸால் ஆனதுதான் என்றாலும் கண்ணிகள் வேறு விதமாகக் கோக்கப்பட்டவை. அது பசுங்கணிகத்துக்கு உள்ளே சேர்வதும் இல்லை, வெளியே சைட்டோபிளாசத்தில் சேர்கிறது. ஆக, சமையல் தாவரத்தைப் போல, சேமிப்பறை வேறு வீட்டுடையது. எங்கோ ஏதோ ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது என்ற ஐயம் இங்கேயே எழ வேண்டும்.

அந்த ஒட்டு எங்கே என்பது மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது. நெல்லிலும் ஸ்பைரோகைராவிலும் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டு, யூக்ளினாவில் மூன்று. 1978-இல் சாரா கிப்ஸ் இதற்குச் சொன்ன விளக்கம் இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது: யூக்ளினாவின் முன்னோர் பச்சையற்றவை, அவற்றில் ஒன்று ஒரு பச்சைப்பாசியை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது, விழுங்கப்பட்ட பாசியின் மற்ற பகுதிகள் காலப்போக்கில் கரைந்துபோக, பசுங்கணிகம் மட்டும் கூடுதல் சவ்வுடன் மிஞ்சியது. பின்னர் கணிகத்தின் மரபணு வரிசையைப் படித்தவர்கள், விழுங்கப்பட்டது பிரமிமோனாஸ் என்ற பாசியின் உறவுக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். தாவரங்களின் பசுங்கணிகமும் ஆதியில் உள்ளே வந்த ஒரு சயனோபாக்டீரியாதான், அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா. அங்கே நடந்தது முதல் விழுங்கல். யூக்ளினாவில் நடந்தது, விழுங்கியதையே இன்னொருவர் விழுங்கிய இரண்டாம் விழுங்கல்.

விழுங்கியிருந்தால் முன்னோருக்கு வாய் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது, இன்றும் சில உறவினர்களிடம் இருக்கிறது. பெரனீமா என்ற நிறமற்ற உயிரியை அழுகும் இலைகள் கிடக்கும் குட்டை நீரில் எளிதாகக் காணலாம். உடலமைப்பில் யூக்ளினாவின் உடன்பிறப்பு போலவே இருக்கும்; ஆனால் முன்முனையில் இரண்டு தண்டுகளால் தாங்கப்பட்ட உண்ணும் கருவி உண்டு. அதை முன்னே நீட்டி, ஒரு பச்சை யூக்ளினாவையே முழுதாக உள்ளே தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கிய பிறகு பெரனீமாவின் வயிற்றில் பச்சை தெரியும். அந்த நேரத்தில் ஸ்லைடைப் பார்க்கும் மாணவர் அதையும் பாசி என்று எழுதிவிடுவார். பச்சை யூக்ளினாவிலோ அந்தக் கருவி இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் அதன் எச்சம் எனக் கருதத்தக்க ஒரு சிறு பை மட்டும் இருக்கிறது. எனவே பல பாடநூல்களில் காணப்படும் 'வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இருட்டில் சிறு உயிரிகளைப் பிடித்து உண்ணும்' என்ற வரி யூக்ளினாவுக்குப் பொருந்தாது. இருட்டில் அது நீரில் கரைந்த கரிமப் பொருள்களை உடல் பரப்பின் வழியே உறிஞ்சி வாழ்கிறது. உறிஞ்சுவதும் பிடித்து உண்பதும் ஒன்றல்ல. இந்த வரியை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பச்சை நிறம் எவ்வளவு தூரம் யூக்ளினாவின் உடைமை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1948-இல் ப்ரொவசோலி, ஹட்னர், ஷாட்ஸ் ஆகியோர் யூக்ளினாவை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். (இந்த ஷாட்ஸ்தான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்.) பசுங்கணிகம் பாக்டீரியாவின் வழித்தோன்றல் ஆகையால், பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து அதையும் தாக்கியது. பிறந்த தலைமுறைகள் வெளுத்தன. மருந்தை நீக்கிய பிறகும் பச்சை திரும்பவில்லை. ஆனால் யூக்ளினா சாகவில்லை, உணவு கிடைத்த வரை நீந்தியது, பிளந்து பெருகியது. இயற்கையிலேயே வெளுத்த ஒன்றும் உண்டு. இன்று யூக்ளினா லாங்கா எனப்படும் உயிரிக்கு ஒளிச்சேர்க்கை இல்லை. அதனால் அதை நெடுங்காலம் அஸ்டேசியா என்ற வேறு பேரினத்தில் வைத்திருந்தார்கள். அதற்குள் சுருங்கிய ஒரு கணிகமும், அதற்கென்று தனி டி.என்.ஏ.வும் இருப்பது தெரிந்தபோது, அது பச்சை யூக்ளினா கிராசிலிஸின் மிக நெருங்கிய உறவு என்பது உறுதியானது. நிறத்தை வைத்துப் பிரித்ததால் உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு வீட்டில் வளர்ந்த கதை இது.

அப்படியானால் யூக்ளினாவின் உண்மையான சொந்தம் யார்? கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்: ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிபனோசோமாவும், கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரைத் தரும் லீஷ்மேனியாவும்தான். கசையிழையின் உள்ளே நுண்குழல்களை ஒட்டி ஓடும் ஒரு கூடுதல் தண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் தட்டு வடிவில் இருப்பது, தூது ஆர்.என்.ஏ.க்களின் தலைப்பில் ஒரே மாதிரியான சிறு துண்டை ஒட்டவைக்கும் வழக்கம் என்று இரு தரப்புக்கும் பொதுவான அடையாளங்கள் பல. மரபணு ஒப்பீடும் இதையே சொல்கிறது. இவை அனைத்தையும் சேர்த்து யூக்ளினோசோவா என்கிறார்கள். இந்த உறவினருள் ஒன்று நம் ஊரிலேயே அடையாளம் காணப்பட்டது: 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார், அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மனும் அதைத் தனியே விவரித்திருந்ததால், ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டார். குளத்தில் வெயில் காயும் பச்சை உயிரியும் மண்ணீரலுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியும் ஒரே குடும்பம் என்று வாழும் முறையை மட்டும் பார்த்தவர் எவரும் சொல்லியிருக்க முடியாது.

இந்தப் பின்னணியில் 'இணைப்பு உயிரி' என்ற சொல்லைப் பாருங்கள். இணைப்பு என்றால், ஒரு பக்கம் தாவரக் கிளையும் மறுபக்கம் விலங்குக் கிளையும் பிரியும் இடத்துக்கு அருகில் அது நிற்க வேண்டும். யூக்ளினா அங்கே நிற்கவில்லை. அது இரண்டிலிருந்தும் வெகுதூரம் விலகிய மூன்றாவது கிளையில் இருந்துகொண்டு, தாவரக் கிளையின் உறவினர் ஒருவரை விழுங்கி வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு நகையை அணிந்திருப்பதால் ஒருவர் அந்த வீட்டுப் பெண் ஆகிவிடமாட்டார். என் கருத்தில் இந்தச் சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் மதிப்பெண் திட்டங்களில் அது வேரூன்றிவிட்டது.

உங்கள் மகள் அடுத்து பாரமீசியம், அமீபா என்று படிப்பார் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் கொஞ்சம் குளத்து நீரை ஊற்றி ஒரு வாரம் வைத்தால் பாரமீசியம் பெருகும். கருப்புத் துணியின் முன் பாட்டிலைப் பிடித்தால் வெண்பொடியாக மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஏனெனில் பாரமீசியம் காடேட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளமாக வளரும். உடல் முழுதும் குட்டை மயிர் போன்ற குற்றிழைகள், அன்றாட வேலைக்கு ஒரு பெரிய உட்கரு, இனக்கலப்புக்கென்று ஒரு சிறிய உட்கரு. இதுவும் புரோட்டோசோவா என்று யூக்ளினாவுக்குப் பக்கத்து வரியில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு ஏதும் இல்லை. பாரமீசியத்தின் மேற்சவ்வுக்கு அடியில் வரிசையாகத் தட்டையான சிறு பைகள் உண்டு. அதே பைகள் மலேரியா ஒட்டுண்ணியிலும் கடலில் ஒளிரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளிலும் இருக்கின்றன. இம்மூன்றையும் அப்பைகளின் பெயரால் ஆல்வியோலேட்டுகள் என்கிறோம். மலேரியா ஒட்டுண்ணிக்குள்ளும் நான்கு சவ்வுகள் கொண்ட, நிறமிழந்த ஒரு கணிகம் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். அதை எவரும் தாவரம் என்று சொல்வதில்லை.

பாரமீசியத்திலும் பச்சை உண்டு. பாரமீசியம் பர்சேரியா என்ற இனம் தன் உடலுக்குள் நூற்றுக்கணக்கான குளோரெல்லா பாசிகளைக் குடிவைத்திருக்கும். ஒவ்வொரு பாசியும் தனித்தனிப் பையில், முழு செல்லாக, தன் சொந்த உட்கருவுடன் இருக்கும். பிரித்தெடுத்தால் பாரமீசியமும் பிழைக்கும், பாசியும் தகுந்த ஊடகத்தில் வளரும். யூக்ளினாவில் அப்படிப் பிரிக்க முடியாது, ஏனெனில் கணிகத்தை நடத்தத் தேவையான மரபணுக்களில் பெரும்பாலானவை யூக்ளினாவின் உட்கருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையும் இருக்கிறது: கடலோரத்தில் கிடைத்து 2012-இல் விவரிக்கப்பட்ட ரப்பாசா என்ற யூக்ளினா உறவினர், ஒரு குறிப்பிட்ட பாசியைத் தின்று அதன் கணிகத்தைத் திருடி வைத்துக்கொண்டு சில நாள் வெயிலில் பிழைக்கிறது. யூக்ளினாவின் முன்னோர் கடந்து வந்த பாதை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அது உதவுகிறது. அதே பாதைதான் என்று சொல்ல அது மட்டும் போதாது.

அமீபா என்பதோ உண்மையில் ஓர் உயிரியின் பெயர் என்பதைவிட ஒரு நடையின் பெயர். போலிக்கால் நீட்டி ஊர்வது பல கிளைகளில் தனித்தனியே காணப்படுகிறது. பாடநூல் அமீபாவான அமீபா புரோட்டியஸ் உள்ள அமீபோசோவா கிளை, பூஞ்சையும் விலங்குகளும் உள்ள கிளைக்கு அண்டை. நம்மோடு அதற்குள்ள உறவு, யூக்ளினாவோடு உள்ளதைவிட நெருக்கமானது. அண்மை ஆண்டுகளில் கேரளத்துச் செய்திகளில் அடிபட்ட 'மூளை தின்னும் அமீபா'வான நெக்லேரியாவோ, அதே நடையில் ஊர்ந்தாலும் யூக்ளினா இருக்கும் டிஸ்கோபா என்ற பெருங்கிளையைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தின் தீங்கற்ற இனமான நெக்லேரியா குரூபரியை ஆய்வகத்தில் வளர்த்துத் தூய நீருக்கு மாற்றினால், இரண்டு மணி நேரத்துக்குள் போலிக்கால்களை உள்ளிழுத்து, இரண்டு கசையிழைகளை முளைப்பித்து நீந்தத் தொடங்கிவிடும். அமீபா வகுப்பா, கசையிழை வகுப்பா என்ற பழைய பிரிவினை இதன் முன் என்ன ஆவது? சுருங்கும் நுண்குமிழும் இப்படித்தான். யூக்ளினா, பாரமீசியம், அமீபா மூன்றிலும் அது இருக்கிறது. நன்னீரில் வாழும் செல்லுக்குள் நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்து ஊற்றாவிட்டால் வெடித்துவிடும். ஓட்டைப் படகில் இருக்கும் எவருக்கும் கிண்ணம் வேண்டும். கிண்ணம் இருப்பதால் அவர்கள் உறவினர் ஆகிவிடமாட்டார்கள்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். புரோட்டோசோவா என்ற சொல்லை 1818-இல் கோல்ட்ஃபுஸ் பயன்படுத்தினார். 'முதல் விலங்குகள்' என்பது பொருள். தாவரத்திலும் விலங்கிலும் சேராதவற்றுக்கு 1860-இல் ஜான் ஹாக் புரோட்டோக்டிஸ்டா என்றும், 1866-இல் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்றும் தனி உலகம் கேட்டார்கள். 1969-இல் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலக வகைப்பாடுதான் நம் பாடநூல்களில் இன்றும் இருப்பது. (இலங்கைப் பாடநூல்களில் உலகம் என்பதற்கு இராச்சியம் என்றும் செல்லுக்குக் கலம் என்றும் இருக்கும்; பொருள் ஒன்றே.) விட்டேக்கர் செய்தது கற்பித்தலுக்கு வசதியானது, ஆனால் அவருடைய புரோட்டிஸ்டா ஒரு குலம் அன்று. பெரிய குடும்பம் ஒன்றில் பட்டணம் போய்ப் பேர் வாங்கிய மூன்று கிளைகளுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டிவிட்டு, ஊரில் மிஞ்சிய அத்தனை பேரையும் 'மற்றவர்கள்' என்று ஒரே பட்டியலில் எழுதினால் எப்படியோ, அப்படித்தான் தாவரம், விலங்கு, பூஞ்சை நீங்கலாக உட்கரு உள்ளவை எல்லாம் புரோட்டிஸ்டா ஆயின. அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இருவருக்குள் உள்ள தூரம், தென்னைக்கும் யானைக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை.

இவற்றில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், எதை ஐயத்துடன் வைத்திருக்க வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். யூக்ளினாவும் டிரிபனோசோமாவும் உறவு, பாரமீசியமும் மலேரியா ஒட்டுண்ணியும் உறவு, யூக்ளினாவின் பசுங்கணிகம் ஒரு பச்சைப்பாசியிடமிருந்து வந்தது, புரோட்டிஸ்டா ஒரே வழியில் வந்த குலம் அன்று ஆகிய நான்கும் உறுதியானவை; பல வகைச் சான்றுகள் ஒரே திசையில் சுட்டுகின்றன. ஐயத்தில் இருப்பது அதற்கும் மேலே உள்ள பெருங்கிளைகளின் அமைப்பு. உட்கரு உள்ள உயிரிகளின் மரத்துக்கு வேர் எங்கே, எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. டிஸ்கோபாவை வேறு சில கிளைகளுடன் சேர்த்து எக்ஸ்கவேட்டா என்று ஒரே பெருங்குழுவாகக் காட்டிய வரைபடங்கள் 2005-ஐ ஒட்டிய புத்தகங்களில் நிறைய உண்டு. அது ஒரே வழியில் வந்த குழுதானா என்பது இன்று கேள்விக்குறி. சர்வதேசப் புரோட்டிஸ்ட் ஆய்வாளர் சங்கத்தின் சார்பில் 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியான வகைப்பாடுகளே ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றில் உலகம், தொகுதி, வகுப்பு என்ற படிநிலைப் பெயர்களையே வலியுறுத்தாமல், கிளைக்குள் கிளை என்று மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். கிளைப் பெயரைவிடப் படிநிலைப் பெயர்தான் சீக்கிரம் பழசாகிறது என்பதால் அது நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பெயரிடும் சட்டத்திலும் அந்தப் பழைய நடைவழி தொடர்கிறது. தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு இன்னொன்று. யூக்ளினா வகையறா இரண்டிலும் வருகின்றன. பெரனீமா என்று ஒரு பெரணிப் பேரினமும் இருக்கிறது. விலங்கியல் விதிப்படி நம் நிறமற்ற நண்பரை அப்பெயரால் அழைக்கத் தடையில்லை. தாவரவியல் விதிப்படி பெரணிக்குத்தான் முதல் உரிமை.

நுண்ணோக்கி பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிறியதெல்லாம் ஒரு செல் உயிரி அன்று. தலையில் சக்கரம் சுழல்வது போல் தோன்றும் ரோட்டிஃபர்களைக் குற்றிழை உயிரி என்று நினைத்து என் முதல் ஆண்டுக் குறிப்பேட்டில் கவனமாகப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். அது பல செல்களால் ஆன உண்மையான விலங்கு. வாய்க்குள் மெல்லும் தாடை ஓயாமல் அசைவதைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் ஊதுகுழல் வடிவில் நீண்டிருக்கும் ஸ்டென்டார் அதைவிடப் பல மடங்கு பெரியது, அதுவோ ஒரே செல்.

தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். 'உலகம் எது' என்ற கேள்விக்குப் புரோட்டிஸ்டா என்று எழுதட்டும். பாடத்திட்டம் கேட்பது அதுதான், விட்டேக்கரின் திட்டத்துக்குள் அது சரியான விடையும்கூட. விரிவாக எழுத இடம் இருந்தால் 'யூக்ளினோசோவா தொகுதி. பசுங்கணிகம் இரண்டாம் நிலை உள்வாழ்வால் பெறப்பட்டது' என்று சேர்க்கலாம். பாசி என்ற சொல்லும் தவறில்லை, அது குலப்பெயர் அன்று, தொழிற்பெயர் என்று புரிந்துகொண்டால்.

இறுதியாக உங்கள் குளம். நீங்கள் சொன்ன அடையாளம், அதாவது கடும் வெயிலில் சிவந்து ஒளி குறைந்ததும் பச்சையாவது, யூக்ளினா சங்குவினியா என்ற இனத்துடன் நன்றாகப் பொருந்துகிறது. அதன் உடலுக்குள் அஸ்டசாந்தின் என்ற நிறமி சார்ந்த சிவப்புத் துளிகள் உண்டு. வெயில் ஏறும்போது அவை உடலின் விளிம்புக்குப் பரவிப் பசுங்கணிகத்துக்குக் குடைபிடிக்கின்றன, ஒளி தணிந்ததும் நடுவில் ஒடுங்குகின்றன. ஆனால் எழுத்தில் படித்த வர்ணனையை வைத்து இனத்தைத் தீர்மானிப்பது முறையன்று. அசோலா என்ற மிதக்கும் பெரணியும் குளத்தைச் சிவப்பாக்கும். அது நாள் முழுதும் சிவப்பாகவே இருக்கும், கையில் அள்ளினால் சிறு இலைகள் தெரியும். யூக்ளினா ஆடையை விரலால் தொட்டால் தூள் படிந்த ஏடு போல ஒட்டும்.

மீனைப் பொறுத்தவரை அக்கறை கொள்ளக் காரணம் இருக்கிறது. அமெரிக்க மீன் வளர்ப்புக் குளங்களில் நேர்ந்த இறப்புகளைத் தொடர்ந்து நடந்த ஆய்வில், இந்த யூக்ளினா ஒரு நஞ்சைச் சுரப்பது தெரிந்தது. 2010-இல் அதற்கு யூக்ளினோஃபைசின் என்று பெயரிட்டார்கள். வேதிக் கட்டமைப்பில் அது நெருப்பெறும்பின் விடத்தை ஒத்த ஆல்கலாய்டு. ஒரே இனத்திலும் எல்லா வளர்ப்புகளும் ஒரே அளவில் நஞ்சு சுரப்பதில்லை, ஆகவே சிவந்த ஆடை கண்ட குளத்திலெல்லாம் மீன் சாகும் என்று பொருள் கொள்ள வேண்டாம். நஞ்சு இல்லாவிட்டாலும் அடர்ந்த ஆடை இரவில் ஆக்சிஜனைச் செலவழிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். பார்த்த மாத்திரத்தில் மயில்துத்தம் கொட்டிவிடாதீர்கள். மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகினால், இருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். இந்த உயிரி பெருகுவது சாணமும் சாக்கடையும் கலந்த, சத்து மிகுந்த தேங்கு நீரில். எந்த வாய்க்கால் வழியே அது வருகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

மாதிரி எடுப்பதானால், பகல் பதினொரு மணிக்கு மேல், ஆடை சிவந்திருக்கும்போது, அகன்ற வாய்ப் பாட்டிலில் பாதியளவு மட்டும் அள்ளுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். அன்றைக்கே மகளின் பள்ளி நுண்ணோக்கியில் முதலில் பத்து மடங்கு லென்சிலும் பிறகு நாற்பதிலும் பார்க்கட்டும். முன்முனையில் ஒற்றைச் சிவப்புப் பொட்டு, பருத்து இளைத்து நெளியும் உடல், அயோடினுக்கு நீலமாகாத மணிகள் ஆகிய மூன்றும் தெரிந்தால் யூக்ளினா என்று எழுதலாம். உடல் முழுதும் சிவந்திருந்து பொட்டு தெரியாமல் போனால், ஸ்லைடை ஓர் இருட்டுப் பெட்டியில், ஈரப்பஞ்சுடன், கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.